ஆட்சேபணை இல்லை

குடியிருப்பு நடைமுறைக் கையேடு, நான்காம் அத்தியாயம், ஒன்பதாம் விதி: "பெறப்படும் ஒவ்வொரு மனுவுக்கும் முப்பது நாட்களுக்குள் மனுதாரருக்குப் பதில் அனுப்பப்பட வேண்டும்."

இந்த விதியை நான் முப்பத்தோரு வருஷத்தில் ஒருமுறைகூட மீறியதில்லை. இருபத்தொன்பதாம் நாள் மாலைக்குள் பதில் போய்விடும். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது." பதில் போக வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, பதிலில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. விதியில் இல்லாததைச் செய்தால் அதிகப்பிரசங்கி என்று பெயர் வரும். அந்தப் பெயர் எடுக்காமல் ஓய்வு பெற்றேன்.

அந்த வாக்கியத்தை என் முன்னால் வைத்து, "இது பதிலா சார்?" என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஐந்தாறு வருஷம் இருக்கும். நான் வேலை பார்த்தது ஒரு பெரிய தொழிற்சாலையின் குடியிருப்புப் பிரிவு, பெயர் வேண்டாம். ஊழியர்களுக்கு வீடு ஒதுக்குவது, காலி செய்யச் சொல்வது, இரண்டுக்கும் நடுவில் வரும் மனுக்களுக்குப் பதில் போடுவது எங்கள் வேலை. நான் ஓய்வு பெற்ற மறுவருஷம் அந்த மனு வேலையைக் கணினியில் ஏற்ற முடிவு செய்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். கீழே லேத் பட்டறை, மேலே இவர்கள். விதிகள் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். திருமுல்லைவாயிலில் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்த எனக்கு அது பதவி உயர்வு மாதிரி இருந்தது.

எனக்கு எதிர் மேசை அவருடையது. நாற்பதைத் தாண்டியவர். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவார். மென்பொருளைச் சோதிப்பது அவர் வேலை. அலுவலகம் முழுக்க அவருக்கு அக்கா. மேனேஜருக்கும் அக்காதான், வயதில் சின்னவர்.

அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் இரண்டு எல்லைகளுக்கு நடுவில் வரும். "எத்தனை மணிக்கு வருவீங்கம்மா?" என்றால், "ஒன்பதே காலுக்கு முன்னாடி இல்ல, ஒன்பதரைக்குப் பின்னாடி இல்ல சார்." டீக்கடையில், "சர்க்கரை அரைக் கரண்டிக்குக் குறையாம, முக்காலைத் தாண்டாம." டீக்கடைக்காரர் முதல் நாள் அவரை முறைத்தார், இரண்டாம் மாதம் அவருக்கு மட்டும் கரண்டியைத் தட்டி அளந்து போட்டார். முருங்கைக்காய் வாங்கும்போதும் அப்படித்தான். "வளைஞ்சிருக்கலாம், முத்தியிருக்கக் கூடாது." எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று முன்னாலேயே பிரித்துவிடுவார். பிறகு சண்டையே கிடையாது. எங்கள் பிரிவில் எல்லாவற்றையும் பிரிக்காமல் வைத்துக்கொண்டுதான் சண்டை போடுவோம்.

வாசலில் ஒரு வாட்ச்மேன். ஐம்பது வயதிருக்கும். தினமும் அந்த அம்மா படியேறும்போது ஒரே கேள்வி.

"இன்னா மேடம், இன்னிக்கு செவப்பா, பச்சையா?"

"செவப்புதாண்ணே."

"நீ வந்தாலே செவப்புதான் மேடம். நீ லீவு போட்டா பச்சையாயிடுது."

அது நிஜம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மென்பொருளைச் சோதிப்பது என்றால் பொத்தான்களை அமுக்கிப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். அவர் செய்தது வேறு. இந்த மனுவைக் கொடுத்தால் இந்தக் கடிதம் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பார். வந்ததையும் எழுதி வைத்ததையும் கணினி ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஆனால் கடிதத்தின் தேதியும் எண்ணும் ஒவ்வொரு முறையும் மாறும். நேற்று எழுதி வைத்தது இன்று பொருந்தாது. அதற்காக அந்த இடத்தில் ஒரு மேட்சரை உட்கார வைப்பார்கள். அது தேதியல்ல. வந்த தேதியைப் பார்த்துவிட்டு 'சரி' அல்லது 'சரியில்லை' என்று சொல்லும் வாசல் காவலாளி. இன்றைய தேதியானால் விடு, மற்றதைத் தடு என்று அதற்குச் சொல்லி வைக்கலாம். தேதி மாதிரி எது வந்தாலும் விடு என்றும் சொல்லலாம். எது வந்தாலும், வெறும் வெள்ளைத்தாள் வந்தாலும், விட்டுவிடு என்றும் சொல்லலாம். இந்தக் கடைசி வகைக்கு அவர் வைத்திருந்த பெயர் ஆமாஞ்சாமி.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சில மேலதிகாரிகளும் பல சக ஊழியர்களும் நினைவுக்கு வந்தார்கள். என்னை நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

"கடிதத்தோட உடம்பு முழுக்க ஆமாஞ்சாமி போட்டு வச்சிருக்காங்க சார்," என்றார் ஒருநாள். "நாலு எழுத்து இருந்தா போதும், பச்சை. நீங்க எழுதிக் கொடுத்த பதிலும் அதுல பாஸ் ஆகுது." திரையை என் பக்கம் திருப்பினார். பரிசீலனையில் உள்ளது. "இது பதிலா சார்?"

"பதில்தாம்மா."

"என்ன கேட்டாங்க?"

"வீட்டுல இன்னும் மூணு மாசம் இருக்கலாமான்னு."

"இருக்கலாமா?"

"பரிசீலனையில் உள்ளது."

"அதான் சார் கேக்குறேன். இருக்கலாமா, கூடாதா?"

எனக்குக் கோபம் வந்தது. முப்பது நாள் விதியை, அதன் உட்பிரிவுகளோடு, கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "சரி சார். பதில் போகுது. ஆனா மனு மூடக் கூடாது," என்றார். அதுவரை மென்பொருள் என்ன செய்துகொண்டிருந்தது என்றால், என் வாக்கியம் அச்சானதும் மனுவை 'முடிந்தது' என்று மூடிக்கொண்டிருந்தது. நாங்களாவது கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவோம்.

அவரிடம் எனக்கு மரியாதை வந்தது கையெழுத்து விஷயத்தில். மேட்சரை எவ்வளவு தளர்த்துவது என்று யாருடனோ வாதாடிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்தேன். எங்கள் பிரிவில் கையெழுத்து ஒப்பிடுவது என் வேலையாக இருந்தது. அசலோடு கொஞ்சமும் ஒத்துப்போகாத கையெழுத்து போலி. அது எல்லோருக்கும் தெரியும். அச்சு அசலாக, ஒரு சுழிகூட மாறாமல் இருந்தால் அதுவும் போலி. கீழே வைத்துப் பார்த்து வரைந்தது. ஒரு மனிதன் இரண்டு முறை ஒரே மாதிரி கையெழுத்துப் போடமாட்டான். சுழி மாறலாம், சாய்வு மாறக் கூடாது.

அவர் நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்தார். "சார், நீங்களே ஒரு மேட்சர்தான்!"

ஓய்வு பெற்றபோது போட்ட சால்வையைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. அதனால்தான் பின்னால் நடந்தது இன்னும் உறுத்துகிறது.

நவம்பரில் அவர் ஆமாஞ்சாமிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். திரை முழுக்கச் சிவப்பு. மென்பொருளை ஒப்படைக்க இரண்டு வாரம் இருந்தது. மேனேஜர் அவர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அக்கா, கல்யாணத்துக்கே பத்துல எட்டுப் பொருத்தம் இருந்தா போதும்னு முடிச்சிடறாங்க. நீங்க என்னக்கா?"

"எந்த ரெண்டு இல்லன்னு பாக்கணும் தம்பி."

மேனேஜர் சிரிக்கவில்லை.

மிச்சமிருந்ததில் முக்கியமான ஒரு இடம் இது. அதிகாரி மனுவின் மேல் ஒரு வரியில் குறிப்பு எழுதுவார். அதைப் படித்து, அனுமதியா மறுப்பா என்று பிரித்து, மென்பொருள் தானே கடிதம் அச்சிடும். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வரும். கையேட்டின் மாதிரிக் குறிப்புகள் 'அனுமதிக்கப்படுகிறது', 'அனுமதிக்கப்படவில்லை'; முன்பாதி இரண்டிலும் ஒன்றுதான். நிரல் எழுதியவர்கள் முன்பாதியை மட்டும் பார்த்து இரண்டையும் அனுமதி என்று எடுத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர் அவர். கடைசியைப் பார்க்கச் சொல்லித் திருத்த வைத்தார். அதற்கேற்ற மேட்சரையும் எழுதினார். எழுதும்போது, தலையைத் தூக்காமலே என்னைக் கேட்டார்.

"சார், குறிப்பு 'இல்லை'ன்னு முடிஞ்சா அது மறுப்புதானே?"

மாலை நாலரை மணி. கீழே லேத் சத்தம். என் கையில் மசால் வடை. மேசையில் செய்தித்தாள், அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரு ஒற்றுப்பிழை.

"ஆமாம்மா," என்றேன்.

திரை பச்சையானது. அவர் லீவு போடாமலே பச்சையான முதல் நாள் அது. வாட்ச்மேன் கைதட்டினார்.

டிசம்பர் முதல் வாரத்தில் மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, வாட்ச்மேன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கடிதம்.

"மேடம், இத்த கொஞ்சம் படிச்சி சொல்லு. எங்க அண்ணிக்கு வந்துகீது."

அவருடைய அண்ணன் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இறந்து ஒரு வருஷத்துக்கு மேல். குடியிருப்பில் இருக்க விதி கொடுத்திருந்த காலம் டிசம்பரோடு முடிகிறது. மகள் பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. மார்ச் முடிய இருக்க விடும்படி அண்ணி மனுக் கொடுத்திருந்தார்.

"அந்த ஆபீசர் நல்ல மன்சன் மேடம். 'போம்மா, எழுதிட்டேன், பொண்ண படிக்கச் சொல்லு'ன்னு வாயால சொன்னாராம். இப்போ இன்னாடான்னா ஊட்ட காலி பண்ணுன்னு வந்துகீது. பதினஞ்சு நாளு. பொண்ணு புக்க மூடி வச்சிட்டு அழுதுகினு கீது."

தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது. பதினைந்து நாட்களுக்குள் வீட்டைக் காலி செய்யவும். கடிதத்தின் அடியில் எங்கள் மென்பொருள் போடும் எண்.

அவர் கடிதத்தை வாங்கிக்கொண்டு படியில் நிற்காமல் மேலே போனார். நான் பின்னாலேயே போனேன். திரையில் அந்த மனுவை எடுத்தார். அதிகாரியின் குறிப்பு ஒரே வரி: "மார்ச் 31 வரை தங்கியிருக்க ஆட்சேபணை இல்லை."

இல்லை என்று முடிகிறது. மறுப்பு.

முப்பத்தோரு வருஷத்தில் 'அனுமதிக்கிறேன்' என்று எழுதிய அதிகாரி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. நானும் எழுதியதில்லை. அனுமதித்தவன் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆட்சேபணை இல்லாதவன் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கத் தமிழில் சம்மதத்துக்கு இருக்கும் ஒரே சொல் அது. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

அவர் அந்த வரியை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை வந்திருந்த மனுக்கள் எல்லாவற்றையும் தேடினார். அந்த இரண்டு வாரத்தில் சம்மதம் கிடைத்த மனுவே இது ஒன்றுதான். மேனேஜரைக் கூப்பிட்டார்.

"அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம்க்கா," என்றார் மேனேஜர்.

"அதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுவாங்களே."

"நாம போய் எங்க தப்புன்னு சொன்னா, மிச்ச வேலையை நமக்குத் தருவாங்களா? பன்னண்டு பேர் சாப்பிடறோம்க்கா இங்க."

"நீங்க சொல்ல வேணாம். எழுதினது நான். நான் சொல்றேன்."

"இங்க வேலை பாத்துக்கிட்டு அப்படிச் சொல்ல முடியாதுக்கா."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் மேனேஜருக்கு அப்போது புரியவில்லை.

இனி என் பக்கத்து வேலை. எண் போட்டு வெளியே போன கடிதத்தை, அதைப் போட்ட அதிகாரியே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. வழி ஒன்றுதான்: ஏழாம் அத்தியாயம், மேல்முறையீடு. மனுதாரர்தான் கொடுக்க வேண்டும், பதினைந்து நாளுக்குள். அதிலேயே ஓர் உட்பிரிவு உண்டு: மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை வெளியேற்றும் நடவடிக்கை கூடாது. வாட்ச்மேனிடம் சொன்னேன். "அப்போ அண்ணி ஊட்லயே இருக்கலாமா பெருசு?" என்றார். முதல் முறையாக முகத்துக்கு நேரே பெருசு என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் மேல்முறையீட்டை நான் எழுதினேன். கடிதப் போக்குவரத்துக்கு என் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். காலி செய்யச் சொன்ன வீட்டு முகவரிக்குத் தபால் ஒழுங்காகப் போகாது என்பது அனுபவம். இணைப்பாக, தவறு எப்படி நேர்ந்தது என்று சோதனை எழுதியவர் பெயரில் ஒரு விளக்கம். அதையும் நானே எழுதினேன்: "கணினிக் கோளாறு காரணமாக..."

அவர் பேனாவை எடுத்து அதை அடித்தார். "கணினி சொன்னபடிதான் சார் செஞ்சுது." மேலே எழுதினார்: "குறிப்பு 'இல்லை' என்று முடிந்தால் மறுப்பு எனக் கொள்ளும் சோதனையை எழுதியவள் நான். அது தவறு."

எழுதிவிட்டுப் பேனாவை மூடவில்லை. என் முன்னால் வைத்தார். அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருந்தது. 'அவருக்கு அவ்வாறு ஆலோசனை கூறியவன் நான்' என்று எழுதி ஒரு கையெழுத்து. நான் முகவரியில் அஞ்சல் குறியீட்டு எண் சரியா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடி பார்த்தேன். பிறகு, ஒரே இணைப்பில் இருவர் கையெழுத்திட விதியில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு விதி கிடையாது.

அவர் காத்திருந்தது பத்து விநாடிக்குக் குறையாது, கால் நிமிஷத்துக்கு மேல் போகாது. பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணியை அழைத்துக்கொண்டு குடியிருப்புப் பிரிவுக்கு நான்தான் போனேன். பழைய நாற்காலியில் புதிய ஆள். மேல்முறையீட்டை வாங்கித் தட்டில் போட்டார். ஒப்புகைச் சீட்டு கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல வரும் பெரியவரே."

"வரட்டும் தம்பி. அதுவரைக்கும் எண், தேதி, முத்திரை, மூணும் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் நகரமாட்டேன்."

என் குரலில் எதிர் மேசைப் பேச்சு இருந்ததை நானே கேட்டேன். சீட்டு கிடைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வேலையை விட்டார். மேனேஜர் போகச் சொன்னாரா, இவரே போனாரா என்று இருவரும் சொல்லவில்லை. போவதற்கு முன் 'ஆட்சேபணை இல்லை' என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு சோதனை எழுதி வைத்துவிட்டுப் போனார். திரை சிவப்பாகவே இருந்தது. மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார், அதை நீக்கவில்லை. இரண்டு நாளில் நிரலைத் திருத்தினார்கள்.

பிறகு காத்திருப்பு. பொங்கல் முடிந்த மறுநாள், பட்டியலோடு இரண்டு பேர் அண்ணி வீட்டுக்கு வந்தார்கள். அண்ணி ஒப்புகைச் சீட்டைக் காட்டினார். முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிப்ரவரியில் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மகள் அதைக் கிழிக்காமல், அதன் பக்கத்தில் பரீட்சை அட்டவணையை ஒட்டினாளாம். மறுவாரம் தண்ணீர் இணைப்பைத் துண்டிக்க வந்தார்கள்; மறுபடி சீட்டு. அந்தச் சீட்டு மடித்து மடித்து நாலாகக் கிழியும் நிலைக்கு வந்தது. வாட்ச்மேன் தினமும் போன் செய்வார். "பெருசு, லெட்டர் வந்துச்சா?"

ஒன்று ஜனவரியிலேயே வந்தது. மேல்முறையீடு கொடுத்த இருபத்தொன்பதாம் நாள், என் முகவரிக்கு. பிரித்தேன். "தங்கள் மேல்முறையீடு பரிசீலனையில் உள்ளது."

என் வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. அதுவரை அதை அனுப்பித்தான் எனக்குப் பழக்கம். நாற்காலியில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். இருக்கலாமா, கூடாதா?

ஆனால் ஒன்று. பரிசீலனையில் இருக்கும்வரை மேல்முறையீடு மூடவில்லை. மூடாதவரை வெளியேற்ற முடியாது. பதில் போனாலும் மனு மூடக் கூடாது என்று நவம்பரில் அவர் பிடிவாதமாகச் செய்ய வைத்த திருத்தம் மட்டும் இல்லாமல் இருந்தால், அந்தக் கடிதம் அச்சான நிமிஷமே மேல்முறையீடு முடிந்திருக்கும், கதவைத் தட்டியிருப்பார்கள். ஒன்றுமே சொல்லாத என் வாக்கியமும், அதைப் பதில் என்று ஒப்புக்கொள்ளாத அவருடைய திருத்தமும் சேர்ந்து, மார்ச் மாதம் முழுக்க அந்தப் பெண்ணை அந்த வீட்டில் உட்கார்ந்து படிக்க வைத்தன.

கடைசிப் பரீட்சை முடிந்தது. முப்பதாம் தேதி அண்ணி தானாகவே வீட்டைக் காலி செய்து, சாவியை ஒப்படைத்து, அதற்கும் ரசீது வாங்கிக்கொண்டு மகளோடு வாட்ச்மேன் வீட்டுக்குப் போனார். ரசீது வாங்க நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, வாசலிலேயே நின்று பிரித்தேன். அவருக்குப் போன் செய்தேன். அப்போது பூந்தமல்லிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தார்.

"பதில் வந்துடுச்சும்மா."

"என்ன போட்டிருக்கு சார்? கடைசி எழுத்து வரைக்கும் படிங்க."

"'தங்கள் மேல்முறையீடு ஏற்கப்பட்டு, மார்ச் 31 வரை தங்கியிருக்க ஆட்சேபணை இல்லை.'"

அந்தப் பக்கம் அவர் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பது கேட்டது. நான் அதற்குள் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு ஆமான்னு சொன்னது நான்தாம்மா. அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட்டிருக்கணும்."

"எனக்குத் தெரியாதா சார்? கேட்டதே நான்தானே," என்றார். பிறகு, "தேதி சொல்லுங்க. லெட்டர்ல போட்டது வேணாம். உங்க கைக்கு வந்தது."

ஏப்ரல் இரண்டு.